மளிகைக் கடை வேலையை மறைக்க வேண்டுமா?

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பதினோராம் வகுப்பு. மதிப்பெண் நன்றாக இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1510. பொதுச் சுகாதாரமோ ஊட்டச்சத்தோ படிக்க ஆசை. கடிதத்தில் அவர் கவலைப்படுவதெல்லாம் படிப்புக்கு வெளியே உள்ளவற்றைப் பற்றித்தான். ஏழு வயதிலிருந்து பரதநாட்டியம், ஜூலைக் கடைசியில் அரங்கேற்றம். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளியில் உதவி ஆசிரியை. ரோபாட்டிக்ஸ் கிளப்பில் ஓராண்டு இருந்துவிட்டு விலகிவிட்டாள். பள்ளிச் சேவைக் குழுவில் பெயரளவுக்கு உறுப்பினர். "பல கல்லூரிகளுக்கும் அனுப்பும் பொதுவிண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்குப் பத்து கட்டங்கள் இருக்கின்றன, எங்களால் ஐந்துகூட நிரப்ப முடியவில்லை" என்கிறார்.

ஏன் முடியவில்லை என்பதற்கு அவரே காரணமும் சொல்கிறார். பத்தாம் வகுப்பிலிருந்து மகள் தன் மாமாவின் மளிகைக் கடையில் வாரம் ஒன்பது மணி நேரம் கல்லாவில் நிற்கிறாள். தாய்க்கு மருத்துவமனை ஆய்வகத்தில் மாலை ஷிப்ட். அதனால் வாரத்தில் மூன்று நாள் எட்டு வயதுத் தம்பியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். "கடையில் பில் போடுகிறாள் என்று எழுதினால் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள், அதை விட்டுவிடலாம்" என்பது கணவரின் கருத்து. அரங்கேற்றத்தையும் ரத்து செய்துவிட்டு, 6,500 டாலருக்கு ஓர் ஆலோசகர் தரும் திட்டத்தில் சேர்க்கலாம் என்கிறார். அந்தத் திட்டத்தில் ஒரு லாப நோக்கமற்ற அமைப்பும் "உறுதியாக வெளியாகும்" ஓர் ஆய்வுக் கட்டுரையும் அடக்கம். கணவரோடு வேலை செய்பவரின் பெண் இப்படித்தான் ஐவி லீக் என்ற புகழ்பெற்ற கல்லூரிக் குழுவில் இடம் வாங்கினாளாம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்தக் கேள்விக்கு நேரான பதில்: மறைக்காதீர்கள். கடை வேலையைப் பட்டியலில் மேலே வையுங்கள். கணவரிடமும் இதைப் படிக்கக் கொடுங்கள், ஏனென்றால் அவருடைய தயக்கம் எனக்குப் புரியாத ஒன்றல்ல. நம் ஊரில் படிக்கிற பிள்ளை கல்லாவில் நின்றால் "வீட்டில் என்ன கஷ்டமோ" என்று நாலு பேர் பேசுவார்கள். அமெரிக்கக் கல்லூரியில் விண்ணப்பம் படிப்பவர் அதை அப்படிப் பார்ப்பதில்லை. நேரத்துக்கு வந்தாளா, பணத்தைக் கையாண்டாளா, கோபமான வாடிக்கையாளரிடம் பேசத் தெரிந்ததா என்றுதான் பார்ப்பார். பொதுவிண்ணப்பமான காமன் ஆப்பில் செயல்பாட்டின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் "சம்பள வேலை" என்று ஒரு வகை இருக்கிறது. "குடும்பப் பொறுப்புகள்" என்றும் ஒரு வகை இருக்கிறது. அவர்களே கேட்கிற விஷயத்தை நாம் ஏன் ஒளித்துவைக்க வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன். ஹார்வர்டின் சேர்க்கை முறை மீதான வழக்கு 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தபோது, அவர்கள் விண்ணப்பங்களுக்கு எப்படி எண் போடுகிறார்கள் என்ற உள் விதிகள் வெளியே வந்தன. செயல்பாடுகளுக்கு 1 முதல் 6 வரை எண். 1 என்றால் தேசிய அளவில் பேசப்படும் சாதனை. சாதாரணமாக நன்றாகப் பங்கேற்ற பிள்ளைக்கு 3. ஆனால் 5 என்பது மோசமான எண் அல்ல. குடும்பப் பொறுப்பு, பள்ளி நாட்களில் வேலை என்று வழக்கமான கிளப்புகளுக்கு வெளியே கணிசமாக உழைக்கும் மாணவரைக் குறிப்பதற்கென்றே அதை வைத்திருந்தார்கள். உங்கள் மகளின் மாலை நேரங்களுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது.

அப்புறம், ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் எழுதியதை வைத்தே பார்த்தால் நடனம் வாரம் 6 மணி, கடை 9, தமிழ்ப் பள்ளி 3, தம்பியோடு மூன்று மாலைகள் 12. மொத்தம் 30 மணி நேரம். பள்ளி நேரத்தையும் வீட்டுப்பாடத்தையும் இதில் சேர்க்கவில்லை. "எதுவும் செய்யவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அவள் தூங்குவது எப்போது என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. காமன் ஆப் ஒவ்வொரு செயலுக்கும் வாரத்துக்கு எத்தனை மணி, ஆண்டுக்கு எத்தனை வாரம் என்று கேட்கும். பத்து கட்டத்தையும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் தாராளமாக மணிக்கணக்கை ஏற்றியவர்களின் கூட்டுத்தொகை சில சமயம் ஒரு வாரத்துக்குள்ளேயே அடங்காது. படிப்பவர்களுக்கும் கூட்டத் தெரியும். ஐந்து கட்டங்கள் உண்மையாக நிரம்பினால் அது போதும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் சொந்த விண்ணப்பத்தில் கேட்பதே நான்கு செயல்பாடுகள்தான்.

ஊறுகாய் அலமாரியில் ஒரு அட்டை

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. அதை மூன்று முறை படித்தேன். ஊரிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கும் வயதானவர்கள் கடைக்கு வந்து, "கண்ணு, இதுல உப்பு எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு" என்று அவளிடம் பாட்டிலை நீட்டுகிறார்கள். தினமும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு அட்டையில் மார்க்கரால் ஆறு ஊறுகாய்களின் பெயரையும் உப்பளவையும் தமிழில் எழுதிவைத்தாள். மாமா சிரித்துக்கொண்டே அதை அலமாரியில் ஒட்டினார். இதை நீங்கள் மகளின் விளையாட்டுத்தனத்துக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஊட்டச்சத்து படிக்க விரும்புகிற பெண், யாரும் சொல்லாமல், தன் கண்ணில் பட்ட ஒரு சிக்கலுக்குத் தானே ஒரு வழி செய்திருக்கிறாள். ஆலோசகர் 6,500 டாலருக்குச் செய்து தருவதாகச் சொல்வதும் இதன் நகலைத்தான்.

இதை எப்படி வளர்ப்பது? பெரிதாக ஒன்றும் வேண்டாம், இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகட்டும். அமெரிக்க உணவு லேபிளில் உப்பளவைக் காட்டும் சோடியத்துக்கு ஒரு நாள் அளவு 2,300 மில்லிகிராம். அதில் 5 சதவீதமோ குறைவோ என்றால் குறைந்த அளவு, 20 சதவீதமோ மேலோ என்றால் அதிகம். ஆனால் சிக்கல் அந்த எண்ணில் இல்லை, "ஒரு பரிமாறல்" என்ற வரியில் இருக்கிறது. பாட்டிலில் போட்டிருப்பது ஒரு கரண்டிக் கணக்கு என்றால், தயிர் சாதத்துக்கு நம் வீட்டுத் தாத்தா எத்தனை கரண்டி போட்டுக்கொள்கிறார்? இதை அவள் கவனித்து, அட்டையில் பரிமாறல் அளவையும் சேர்த்து எழுதினால், உண்மையிலேயே அடுத்தவருக்குப் பயன்படும். அப்பளம், மசாலாப் பொடி, உடனடி உப்புமா என்று ஒவ்வொரு அலமாரியாகப் போகலாம். உள்ளூர் மருத்துவமனையிலோ மாவட்டச் சுகாதாரத் துறையிலோ ஒரு உணவியல் நிபுணரிடம் காட்டித் திருத்தி வாங்கலாம். இன்னொரு கடைக்காரர் கேட்டால் கொடுக்கலாம். அவள் கல்லூரிக்குப் போன பிறகு அட்டையைப் புதுப்பிக்க இளைய பிள்ளை ஒருவரைப் பழக்கிவிட்டால் அதைவிட நல்ல தலைமைப் பண்பு எனக்குத் தெரியவில்லை.

இதில் சில எச்சரிக்கைகள் உண்டு. லேபிளில் இருப்பதை எடுத்து எழுதுவதோடு நிற்கட்டும். "உங்களுக்கு ரத்த அழுத்தமா, இதைச் சாப்பிடுங்கள்" என்று யாருக்கும் சொல்லக் கூடாது. உப்புக்கு மாற்றாக விற்கும் சில பொருள்களில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஆபத்து. அதையெல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்ளட்டும். இதை வாடிக்கையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வாக்கி அறிவியல் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று பின்னால் தோன்றினால், தகவல் சேகரிக்கத் தொடங்கும் முன்பே ஆசிரியரைப் பார்க்கச் சொல்லுங்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு முன்கூட்டியே ஒரு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது சர்வதேசக் கண்காட்சியான ஐசெஃப்பின் விதி. முடித்துவிட்டுப் போய் ஒப்புதல் கேட்டால் செல்லாது.

முக்கியமான இன்னொன்று, கடை சொந்த மாமாவுடையது. சம்பளம் முறையாகப் பதிவாகிறதா, கையில் கொடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. நியூ ஜெர்சியில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும். 2023 ஜூன் முதல் அது இணையத்தில் பதிவு செய்யும் முறையாகிவிட்டது, முதலாளியும் பதிவு செய்ய வேண்டும். "நம்ம கடைதானே" என்று விட்டிருந்தால் இந்த வாரமே சரிசெய்துவிடுங்கள். விண்ணப்பத்தில் சம்பள வேலை என்று எழுதுவதற்கு முன் அது காகிதத்திலும் சம்பள வேலையாக இருக்கட்டும்.

எழுதும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காமன் ஆப்பில் விவரிக்கக் கிடைப்பது இடைவெளிகளையும் சேர்த்து 150 எழுத்துகள், அவ்வளவுதான். அதை எப்படி வீணடிப்பார்கள் தெரியுமா? "வாடிக்கையாளர்களுக்கு உதவினேன், பொறுப்புணர்வும் குழுவாகச் செயல்படும் திறனும் கற்றேன்." இதை எந்தக் கடையில் வேலை செய்த எந்தப் பிள்ளையும் எழுதலாம். "சனிக்கிழமைக் கல்லா, புது ஊழியர் இருவருக்குப் பயிற்சி, முதியவர்களுக்காக ஊறுகாய்களின் உப்பளவைத் தமிழில் எழுதி ஒட்டினேன்" என்றால் அங்கே ஓர் ஆள் நிற்கிறாள். ஆறு ஊறுகாய் என்றால் ஆறு என்றே போடட்டும். நாற்பது ஆனால் நாற்பது. பதவி என்று கேட்கும் இடத்தில் "நிறுவனர் மற்றும் தலைமைச் செயல் அதிகாரி" என்று தயவுசெய்து போட்டுவிடாதீர்கள், படிப்பவர் சிரித்துவிடுவார்.

அமைப்பு தொடங்குவது பற்றி

லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் வலைத்தளமும் சின்னமும் என்று பலர் நினைக்கிறார்கள். வரிவிலக்குப் பெற அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு 1023 படிவம் போட வேண்டும். சிறிய அமைப்புகளுக்கான சுருக்கப் படிவத்துக்கே கட்டணம் 275 டாலர், முழுப் படிவத்துக்கு 600 டாலர். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் கணக்கு அறிக்கை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தாக்கல் செய்யாவிட்டால் விலக்கு தானாகவே ரத்தாகும். மாநிலத்தின் பதிவு விதிகள் தனி. மகள் விடுதிக்குப் போய்விட்டால் இதையெல்லாம் யார் செய்வது? மாலை ஷிப்ட் முடிந்து வரும் நீங்கள்தான். உண்மையிலேயே நன்கொடை வசூலிக்க வேண்டிய தேவை வந்தால், ஏற்கெனவே இயங்கும் ஓர் அமைப்பின் குடையின் கீழ் செய்துகொள்ளலாம். ஓர் அட்டைக்கு ஓர் அறக்கட்டளை எதற்கு?

கணவரின் சக ஊழியர் மகளைப் பற்றி: அவளுக்கு இடம் கிடைத்தது அந்த அமைப்பினால்தான் என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. கிடைக்காத எத்தனை பேர் அதே போல் அமைப்பு வைத்திருந்தார்கள் என்று யாரும் அலுவலகத்தில் பேசுவதில்லை. மிகக் கடினமான கல்லூரிகளில் விண்ணப்பிக்கும் நூறு பேரில் நாலைந்து பேருக்குத்தான் இடம். எல்லாம் சரியாகச் செய்தவர்களும் அங்கே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். யாராவது உறுதி தருகிறேன் என்றால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

"உறுதியாக வெளியாகும்" கட்டுரை

நானும் இதே சேர்க்கை ஆலோசனைத் தொழிலில் இருப்பவன் என்பதால் போட்டி பொறாமை என்று நினைத்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். வெளியாகும் என்று முன்பே உறுதி சொன்னால் அதை யாரும் மதிப்பிடப் போவதில்லை என்று பொருள். பத்து வாரத்தில் தலைப்பைக் கொடுத்து, வழிகாட்டி திருத்தி எழுதி, பணம் வாங்கிப் பிரசுரிக்கும் இதழில் போடுவார்கள். நேர்காணலில் "இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் பிள்ளை திணறிப்போகும். நல்ல கோடைத் திட்டங்கள் கடும் போட்டிக்குப் பிறகுதான் எடுக்கும், பெரும்பாலும் கட்டணம் வாங்காது. ஆர்எஸ்ஐ, எம்ஐடியின் மைட்ஸ், டெல்யூரைடு கோடைக் கருத்தரங்கு ஆகியவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. பணம் கட்டினால் இடம் என்ற முகாம்களுக்குப் போவதில் தவறில்லை, பிள்ளைக்குப் பிடித்திருந்தால் போகட்டும். விண்ணப்பத்துக்கு அது எடை கூட்டும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. விண்ணப்பத்தின் கடைசியில் இது என் சொந்த வேலை, எல்லாம் உண்மை என்று கையெழுத்திடுவது உங்கள் மகள், ஆலோசகர் அல்ல. பொய் என்று தெரிந்தால் கிடைத்த இடம் ரத்தாகலாம், சேர்ந்த பிறகும் வெளியேற்றலாம். 2019இல் வெளிவந்த சேர்க்கை ஊழலில், விளையாடாத பிள்ளைகளுக்கு விளையாட்டு வீரர் என்று போலிச் சுயவிவரம் செய்து கொடுத்த ஆலோசகர் ரிக் சிங்கருக்கு மூன்றரை ஆண்டு சிறை. பெற்றோரும் சிறைக்குப் போனார்கள். உங்களை அணுகியவர் அந்த வகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் இவற்றைப் பாருங்கள்: கட்டுரையை எழுதுவது யார், பாதியில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், "தலைமைச் சுயவிவரம்" என்று ஏதாவது இருந்தால் அதன் பொருள் என்ன. பதில் எழுத்தில் வராவிட்டால் கையெழுத்து வேண்டாம். வீட்டுக்கே வந்து விற்று அங்கேயே கையெழுத்து வாங்கும் ஒப்பந்தங்களை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யக் கூட்டாட்சி விதி இடம் தருகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரங்கேற்றம்

பத்தாண்டு ஆடியவளை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பாதீர்கள். மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டீர்கள். ஆனால் முடிவு அவளுடையது. அவளிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் எங்குமே இல்லையே? அவளுக்கு வேண்டும் என்றால் நடத்துங்கள்.

அரங்கேற்றம் என்ற சொல் மட்டும் விண்ணப்பம் படிப்பவருக்கு எதுவும் சொல்லாது. நேரடி இசைக்குழுவோடு தனி ஆளாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் மேடையில் ஆடுவது, அதற்கு எத்தனை ஆண்டு பயிற்சி என்பதை 150 எழுத்துக்குள் சொல்ல வேண்டும். ஆட்டம் உண்மையில் உயர்ந்த தரம் என்று குருவே சொன்னால் யேல், பிரின்ஸ்டன் போன்ற சில கல்லூரிகள் நடனக் காணொளியைத் தனியாக ஏற்கின்றன. சுமாரான காணொளி அனுப்புவதைவிட அனுப்பாமல் இருப்பது நல்லது. என் அனுபவத்தில் அரங்கேற்ற வருடத்தில் பிள்ளையின் நேரத்தைத் தின்பது ஜதியும் வர்ணமும் அல்ல. அழைப்பிதழ், முன்கூட்டிய புகைப்படப் படப்பிடிப்பு, வந்தவர்களுக்கான தாம்பூலப் பை இவைதான். அவற்றைப் பாதியாகக் குறைத்தால் ஆகஸ்டில் அவள் நிம்மதியாக உட்கார்ந்து விண்ணப்பக் கட்டுரை எழுதுவாள்.

மற்றவை சுருக்கமாக. ரோபாட்டிக்ஸை விடுங்கள். சேவைக் குழுவுக்கு உண்மையில் போனால் கடைசிக் கட்டத்தில் போடலாம், போகாவிட்டால் வேண்டாம். தமிழ்ப் பள்ளியில் எத்தனை குழந்தைகள், எந்த நிலை, அவளே உருவாக்கிய விளையாட்டு ஏதாவது உண்டா என்று கேட்டுக் குறித்துவையுங்கள்.

தம்பியோடு இருக்கும் மாலைகளைப் பற்றி நீங்கள் மன்னிப்புக் கேட்பது போல எழுதியிருக்கிறீர்கள். அதைச் செயல்பாட்டுப் பட்டியலில் அவள் ஒரு கட்டமாக எழுதட்டும், ஆனால் முழு வடிவத்தில் சொல்ல வேண்டியது நீங்கள். பெரும்பாலான பள்ளிகளில் கவுன்சலர் பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்புவார், பரிந்துரைக் கடிதம் எழுத அதைத்தான் பயன்படுத்துவார். நம்மவர்கள் அதில் "என் மகள் கடின உழைப்பாளி, பணிவானவள்" என்று எழுதித் தந்துவிடுவார்கள். நீங்கள் இப்படி எழுதுங்கள்: செவ்வாய், புதன், வியாழன் நான் வேலைக்குப் போய்விடுவேன், தம்பிக்குச் சாப்பாடு, வீட்டுப்பாடம், தூங்கவைப்பது அவள், அதனால்தான் பள்ளிக்குப் பின் நடக்கும் கிளப்புகளில் அவள் இல்லை. இரக்கம் தேடும் தொனி வேண்டாம், நடப்பதைச் சொன்னால் போதும்.

கல்லூரிப் பட்டியல் போடும்போது ஒவ்வொன்றின் "காமன் டேட்டா செட்" என்ற ஆவணத்தைத் தேடி, சி7 என்ற அட்டவணையைப் பாருங்கள். செயல்பாடுகள், பணி அனுபவம், தன்னார்வப் பணி ஒவ்வொன்றுக்கும் "மிக முக்கியம்" முதல் "கருத்தில் கொள்வதில்லை" வரை அவர்களே குறித்திருப்பார்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பம் தனி. அதில் செயல்பாடுகளும் விருதுகளும் சேர்த்து 20 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் 350 எழுத்துகள். அந்த சி7 அட்டவணையைக் கணவரோடு உட்கார்ந்து பாருங்கள், பாதிப் பதற்றம் அங்கேயே குறையும்.

இப்போது மார்ச். காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும், முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கெடு. அதற்குள் அவள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஏப்ரலுக்குள் கவுன்சலரைப் பார்த்துவிடட்டும். கடையில் என்ன நடந்தது என்று வாரம் இரண்டு வரி ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். ஆகஸ்டில் கட்டுரை எழுத உட்காரும்போது அந்த நோட்டு கைகொடுக்கும். அப்புறம் அந்த முதல் அட்டை, மார்க்கரில் எழுதியது, இன்னும் ஊறுகாய் அலமாரியில் இருக்கிறதா என்று மாமாவிடம் கேளுங்கள். எண்ணெய்க் கறை படிந்திருந்தாலும் சரி, கழற்றிப் போடுவதற்குமுன் ஒரு புகைப்படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.